பெருந்தீனி

எங்கள் பட்டு ஊர் மர்கிலானில் ஒருவனை வாய் நிறையத் திட்ட வேண்டுமென்றால் "உன் வீட்டுப் புழு பட்டினி கிடக்க" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் வசவு கிடையாது. அப்பனைச் சொல்லலாம், ஆத்தாளைச் சொல்லலாம், மறுநாள் தேநீர்க் கடையில் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். புழுவைச் சொல்லிவிட்டால் பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை இருக்காது. அய்யூப் நபியின் உடம்பைத் தின்ற புழுக்கள்தான், அவர் நோய் தீர்ந்து எழுந்தபோது மல்பெரி மரத்தில் ஏறிப் பட்டுப்புழுவாக மாறின என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். நபி தன் சதையைக் கொடுத்து வளர்த்த பிராணிக்கு நாம் இலை கொடுக்க மாட்டோமென்றால் அப்புறம் என்ன மனுஷ ஜன்மம்.

கல்லூரிக் கதையைச் சொல்ல வந்தவள் புழுவில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரி புழுவால்தான் பிழைத்தது. புழுவால்தான் சாகவும் பார்த்தது.

என் வீட்டுக்கு எதிரே, கால்வாயை ஒட்டி, இரண்டு முற்றம் வைத்த பழைய வீடு. உள்முற்றத்தில் அண்ணன் தம்பி இருவர், இஸ்மத்தும் நிஜாமும், வீட்டை மட்டும் பாகம் பிரிக்காமல் குடியிருந்தார்கள். இஸ்மத்துக்குப் பட்டுத்தறிகள் இருந்தன, கால்வாய்க்கரையில் மல்பெரி மரங்கள் இருந்தன, ஊரில் நல்ல பேர் இருந்தது, வீட்டில் கொஞ்சம் கோபம் இருந்தது. தம்பி நிஜாம் சாயப்பட்டறைக்காரன். கை எப்போதும் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும்.

நிஜாமின் பெண்டாட்டி சாலிஹா பக்கத்து நகரமான கோக்கந்தில் படித்தவள். ஜார் மன்னன் ஆட்சி போய், சண்டையும் பஞ்சமும் கொஞ்சம் ஓய்ந்த வருஷம், சும்மா கிடந்த வெளிமுற்றத்தில் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினாள். கல்லூரி என்றதும் தூணையும் மணிக்கூண்டையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு அறை, ஒரு கரும்பலகை, சமையலுக்கு ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். இரண்டு வருஷம் படித்துத் தேறினால் ஆசிரியை. அனாதைகள், இளம் விதவைகள், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவள் என்று இருபது பேருக்கு மேல் அங்கேயே தங்கிப் படித்தார்கள். தேநீர்க் கடையில் அதற்குப் பொம்பளை மதரஸா என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்த கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் உண்டு.

முதல் வருஷம் அரசாங்கம் மாவு கொடுத்தது, எண்ணெய் கொடுத்தது, விறகு கொடுத்தது. இரண்டாம் வருஷம் குளிர் விடுகிற சமயத்தில் ஒருவர் வந்து, இனி மேலிடத்திலிருந்து ஒன்றும் வராது, ஊர்க் கஜானாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர்க் கஜானாவில் போய்க் கேட்டால் அங்கே எலியே பட்டினி கிடந்தது. இலையுதிர் காலத்தில் முதல் அணி பரீட்சை எழுதித் தேறட்டும், அதைக் காட்டினால் அடுத்த வருஷத்துக்கு ஏதாவது ஒதுக்கலாம், அதுவரை நீங்களே சமாளியுங்கள் என்றார்கள். வெளியூரிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகளும் சம்பளம் இல்லாமல் மூட்டை கட்டினார்கள். சாலிஹா ஒருத்தியே கணக்கு, எழுத்து, பூகோளம் எல்லாம் நடத்தினாள்.

சமையல்காரி துர்சுனாய் மட்டும் போகவில்லை. போக இடமில்லை என்று அவள் சொல்வாள். அவளுக்கு அண்ணன் வீடு இருந்தது எங்களுக்குத் தெரியும். மாவைக் கொழுப்பில் வறுத்துக் கரைக்கிற கஞ்சிதான் தினமும். நாளாக ஆகக் கஞ்சி தெளிந்துகொண்டே வந்தது. "முகத்திரையப் போட்டுக்கிட்டுக் குடிங்கடி, இல்லேன்னா கஞ்சியில உங்க மொகத்தப் பாத்து நீங்களே பயந்துருவீங்க" என்று ஊற்றுவாள். பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் பாதி வயிறு நிறைந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அதிகமாகச் சிரிக்காதவள் அனார்கான். கல்லூரி மூடினால் அவளை மாவு ஆலைக் கிழவனுக்கு மூன்றாம் தாரமாகக் கொடுப்பதாக அவள் சித்தப்பா பேசி முடித்து வைத்திருந்தார். வாரம் ஒருதரம் கதவைத் தட்டி, இன்னும் நடக்குதா என்று விசாரித்துவிட்டுப் போவார். ஆள் நலம் விசாரிக்கிற மாதிரிதான் இருக்கும்.

இதற்கு நடுவில் இஸ்மத் தம்பியைக் கூப்பிட்டு, பருத்தி வியாபாரி மிர்ஹமீத் வெளிமுற்றத்தைக் கிட்டங்கியாகக் கேட்கிறான், நல்ல வாடகை, சரியென்று சொல்லிவிட்டேன் என்றார். நிஜாம் தன் நீலக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாலிஹாதான் முன்னால் வந்து, பரீட்சை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். இஸ்மத் இறங்கி வரவில்லை. கடைசியில், சரி, கூடு பறிக்கிற பருவம் முடியட்டும், அப்போது கையில் பிள்ளைகளுக்குச் சோறு போட வழியிருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். வழியிருக்காது என்ற தைரியம்தான்.

மல்பெரி மொட்டு விடும் சமயம் அது. எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பெண்களும் பட்டுவித்து என்கிற புழு முட்டைகளை எடுத்து வெளியே வைக்கிற சமயம். சாலிஹா கஞ்சி வேளையில் பெண்களிடம், நாமும் புழு வளர்த்தால் என்ன என்று கேட்டாளாம். இருபது முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததாகத் துர்சுனாய் சொன்னாள். பூகோளம் வராதவள் உண்டு, கணக்கு வராதவள் உண்டு, புழு வளர்க்க வராதவள் மர்கிலானில் உண்டா? ஆளுக்குக் கொஞ்சம் வித்து கொண்டுவருவது என்று முடிவாயிற்று. வீடு இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் வாங்கிவந்தார்கள். இல்லாதவர்கள் தெரிந்த வீடுகளில் கேட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வித்து எவ்வளவு எடுத்தோம் என்று வாயால் சொல்லக் கூடாது. அடுத்தவளைக் கேட்கவும் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும், கண் பட்டால் புழு வெளுத்துச் செத்துப்போகும். தாய் மகளிடம் சொல்ல மாட்டாள், பெண்டாட்டி புருஷனிடம் சொல்ல மாட்டாள். ஒரு வீட்டில் ஒருத்தி வளர்க்கிறவரை இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இருபது பேர் ஒரே கூரையின் கீழ் வளர்த்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எந்த நிலத்தின் பரப்பையும் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுகிற சாலிஹாவும் கேட்கவில்லை. அவள் படித்தது கோக்கந்தில் என்றாலும் பிறந்தது இங்கேதானே.

வித்தைச் சின்னத் துணிப்பையில் கட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வோம். உடம்புச் சூட்டில்தான் பொரியும். அந்த நாட்களில் ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கோபப்படக் கூடாது. வகுப்பு முழுக்க வாயும் வயிறுமாக இருக்கிறவர்கள் மாதிரி மெல்ல நடந்து மெல்ல உட்கார்ந்தார்கள். துர்சுனாய் மட்டும் பை கட்டிக்கொள்ளவில்லை. கோபப்படாமல் தன்னால் சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

பொரிந்த நாளில் நானும் போயிருந்தேன். பைகளை அவிழ்த்து, கோழி இறகால் நறுக்கிய இலைமேல் தட்டிவிட்டார்கள். கறுப்பு நூல் துணுக்கு மாதிரி நெளிந்துகொண்டே வந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு தட்டுப் போதாமல் ரொட்டிப் பலகை, பிறகு பழைய கதவு. "ஏன்டி, இது புழுவா, படையெடுப்பா?" என்றாள் துர்சுனாய். அனார்கான் சாலிஹாவைப் பார்த்தாள். சாலிஹா கதவுப் பலகையைப் பார்த்தாள். எங்கேயோ கணக்கு உதைக்கிறது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். இறங்கிய பிறகு ஆழம் பார்த்து என்ன பண்ண.

புழு நாலு தடவை தூங்கும். ஒவ்வொரு தூக்கத்துக்கும் தோல் உரித்து எழுந்து, முன்னைவிட இரண்டு மடங்கு இடம் கேட்கும். முதல் தூக்கம் முடிந்ததும் ஒரு வகுப்பறை போயிற்று. இரண்டாவதுக்கு அடுத்த அறை. மூன்றாவது முடிந்தபோது படுக்கை அறைகளும் போய், பெண்கள் சமையல் தாழ்வாரத்தில் அடுப்பைச் சுற்றிப் படுத்தார்கள். பாடம் மட்டும் நிற்கவில்லை. மரத்தடியில் நடந்தது. வைகாசி பிறந்தும் அந்த வருஷம் குளிர் மழை விடாமல் பிடித்துக்கொண்டதால், பிறகு புழு அறையிலேயே, தட்டுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் உட்கார்ந்து படித்தார்கள். புழு இருக்கும் இடத்தில் உரக்கப் பேசக் கூடாது. அதனால் பாடமும் கிசுகிசு, ஒப்பிப்பதும் கிசுகிசு, தப்புக்குத் திட்டும் கிசுகிசு.

நாலாவது தூக்கம் முடிந்து எழுந்தால் பெருந்தீனி. அதைப் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதுவரை தின்றதெல்லாம் சும்மா கொறித்தது என்று ஆகிவிடும். விரல் தடிமனுள்ள புழுக்கள் முழுக் கொப்பைப் போட்ட கையோடு குச்சியாக்கிவிடும். தின்கிற சத்தம் ஓட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்த வருஷம் வெளியேயும் மழை பெய்ததால் எது எந்தச் சத்தம் என்று தெரியவில்லை.

ஈர இலை ஆகாது, தின்றால் புழு வயிறு கழிந்து சாகும். கொப்பு கொப்பாக, இலை இலையாகத் துடைத்தாக வேண்டும். துணி போதவில்லை. முதலில் அனார்கான்தான் ஆணியில் தொங்கிய தன் பரஞ்சியை எடுத்து வந்து அதில் இலையைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். தலையிலிருந்து கால்வரை மூடுகிற அங்கியல்லவா, நிறைய ஈரம் குடித்தது. இந்த அங்கி இவ்வளவு உபயோகப்பட்டு என் ஆயுசில் பார்த்ததில்லை என்றாள் துர்சுனாய்.

இலை தீர்ந்தது அப்போதுதான். நிஜாமின் பங்குக்கு என்றிருந்த மரங்கள் மொட்டையாகிவிட்டன. சந்தையில் இலை ஏகத்துக்கு விலை ஏறிவிட்டது. சாலிஹா காதில் கிடந்ததைக் கழற்றி விற்று இரண்டு வண்டி வாங்கினாள். காலையில் வந்த வண்டி மத்தியானத்துக்கு இல்லை. புழுக்கள் வெறும் குச்சிமேல் ஏறி, தலையைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடின. பிள்ளை பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாதியைக் கால்வாயில் விட்டுவிட்டால் மீதியாவது பிழைக்குமே என்று நிஜாம் மெல்லச் சொன்னான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. ஆனால் எந்தப் பாதியை?

சாலிஹா கையைத் துடைத்துக்கொண்டு உள்முற்றத்துக்குப் போனாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இஸ்மத்தின் மனைவி தூத்திநிஸாவும் புழு வைத்திருந்தாள், அவளுக்குக் கூடமாட இலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மழை சற்று விட்டிருந்தது. இஸ்மத் தறிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மரங்களில் மேல்கரை வரிசை முழுவதும் கைபடாமல் நின்றது. வீட்டுத் தேவை போக மிஞ்சுவதை வருஷா வருஷம் சந்தைக்கு விற்பார்.

"பெரியத்தான், ஒரு வார்த்தை" என்றாள் சாலிஹா.

"சொல்லு வாத்தியாரம்மா."

"மேல்கரை மரம் வெட்டாம நிக்குது. கொப்பு தாங்க. கூடு வித்ததும் சந்தை விலையே குடுத்துர்றேன்."

"விலை வேணாம்."

அவள் முகம் மலர்ந்தது. அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"மரமும் கெடையாது" என்றார்.

"பெருந்தீனி, பெரியத்தான்."

"தெரியுது. தெரு பூரா கேக்குதே. நான் ஒண்ணு கேக்குறேன், எந்த தைரியத்துல இம்புட்டு வித்து வச்சே?"

"அதக் கேக்கக் கூடாதுல்ல."

"அது வீட்டுப் பொம்பளைங்களுக்கு. படிச்சவளுக்குமா?"

"நானும் வீட்டுப் பொம்பளதான் பெரியத்தான்."

இஸ்மத் கோப்பையைக் கீழே வைத்தார். "இங்க பாரு. நான் ஒளிச்சு மறச்சுப் பேசல. உன் கூடு வெளைஞ்சா உனக்கு மாவு கெடைக்கும். மாவு கெடைச்சா நீ பரீட்சை வரைக்கும் எந்திரிக்க மாட்டே. பரீட்சை முடிஞ்சா அடுத்த வருசம்பே. நான் மிர்ஹமீதுக்குச் சொன்ன சொல்லு என்ன ஆகுறது? என் கோடாலியால என் காலையே வெட்டிக்கச் சொல்றியா?"

"உங்க கோபம் எங்க மேலதான? புழு என்ன பண்ணுச்சு?"

"புழு பாவம்னு எனக்கும் தெரியும். அந்தப் பாவம் இம்புட்டு வித்து வச்சவ தலையில. உன் பள்ளிக்கூடத்துப் புழுவுக்கு நான் பொறுப்பில்ல."

தூத்திநிஸா புருஷன் பேசும்போது குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை. கையிலிருந்த கொப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அது பள்ளிக்கூடத்துப் புழு மட்டுமில்ல" என்றாள்.

"என்னது?"

"நம்ம வீட்டுப் புழுவும் அங்க இருக்கு. அந்தப் புள்ள அனாரு வந்து கேட்டா. நான் வித்து குடுத்தேன்."

"எவ்வளவு?"

"அதச் சொல்லக் கூடாது."

தூத்திநிஸா என் பக்கம் கையைக் காட்டினாள். "நான் மட்டுமில்ல. இந்தா, எதிர்வீட்டுக்காரி குடுத்தா. தச்சன் பொண்டாட்டி குடுத்தா. லாடம் அடிக்கிறவர் வீட்டுல குடுத்தாங்க. உங்க மிர்ஹமீது வீட்டம்மா ராத்திரியோட ராத்திரியா ஆள்கிட்டக் குடுத்தனுப்பிச்சா."

அப்படித்தான் ஆகியிருந்தது. தெருவில் ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கொடுத்தோம் என்று நினைத்திருந்தோம். ஒருத்தி கொடுத்தது இன்னொருத்திக்குத் தெரியாது. நான் எவ்வளவு கொடுத்தேன் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

"ஏன் குடுத்தே?" என்றார் இஸ்மத். கோபமாகக் கேட்க நினைத்தார் போல. குரல் அப்படி வரவில்லை.

"நம்ம பாஷோரத்துக்கும் அந்த அனாருக்கும் ஒரே வயசு. நம்ம புள்ளையத்தான் அப்பவே கட்டிக் குடுத்தாச்சு. கோக்கந்துல எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. நல்லா இருக்கேன்னு ரெண்டு வரி எழுத அவளுக்குத் தெரியாது, எழுதினாலும் படிக்க எனக்குத் தெரியாது. யாராவது வண்டிக்காரன் அந்தப் பக்கம் போய்ட்டு வந்தான்னா, ஓடிப் போயி அவன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். இந்தப் புள்ளைங்களாவது எழுதட்டும்னு நெனச்சேன். குடுக்க எங்கையில காசு ஏது? வித்துதான் இருந்துச்சு."

வெளிமுற்றத்திலிருந்து புழு தின்கிற அந்த மழைச் சத்தம் வரவில்லை. அங்கே தின்ன ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இஸ்மத்துக்கும் அது காதில் விழாமலா இருக்கும்? பட்டுக்காரன் வீட்டில் பிறந்தவர். எழுந்து தலைப்பாகையை இறுக்கினார்.

"கோடாலி எங்க? பெருந்தீனி நேரத்துல மூணு பொம்பளைங்க நின்னு கதை பேசிக்கிட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

சாலிஹா அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தூத்திநிஸா அவள் முதுகைத் தடவிவிட்டு, போ, போய் இலை துடைக்கத் துணி எடு என்று எழுப்பி அனுப்பினாள்.

இந்த மாதிரிச் செய்தி ஒரு தெருவில் நிற்குமா? சாயங்காலத்துக்குள் எல்லா ஆண்களும் அவரவர் பெண்டாட்டியிடம் கேட்டார்கள். நீயும் கொடுத்தாயா என்று கேட்டதற்குப் பெண்கள் ஆமாம் என்றார்கள். எவ்வளவு என்று கேட்டதற்கு வாயை மூடிக்கொண்டார்கள். கொடுக்காதவளும்கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் எந்த ஆணுக்குத்தான் நிம்மதி? பட்டினி கிடப்பது தன் வீட்டுப் புழுவாகக்கூட இருக்கலாம் அல்லவா. நாளைக்கு எவனாவது திட்டினால் அது வெறும் திட்டாக இருக்காதே.

விடிந்ததும் கொப்பு வண்டிகள் வந்தன. பொம்பளை மதரஸா என்று சிரித்தவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் முற்றத்து மரத்தை வெட்டிய வெட்டில், அது இனி துளிர்க்குமா என்று எனக்கே பயமாகிவிட்டது. மிர்ஹமீதின் பருத்தி வண்டி கூட ஒருநாள் இலையோடு வந்து நின்றது. வண்டி சும்மா நின்றது, அதனால் அனுப்பினேன் என்று சொல்லச் சொன்னாராம். அனார்கானின் சித்தப்பா மட்டும் வெறுங்கையோடு வந்து, இன்னும் நடக்குதா என்று கேட்டார். "நடக்குது, இன்னும் ரெண்டு கட்டு கொப்பு வேணும், ஓடிப் போய்க் கொண்டாங்க" என்று துர்சுனாய் கதவைச் சாத்தினாள். கொண்டுவந்தார்.

வெளியார் புழு அறைக்குள் வரக் கூடாது. வாசற்படியில் போட்டுவிட்டுப் போக வேண்டும், பெண்கள் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இஸ்மத் தன் வீட்டு வாசற்படியிலேயே அப்படி நின்று போட்டுவிட்டுப் போனார். ஒருநாள் கொப்பைப் போட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே புழு தின்கிற சத்தம். அதற்கு அடியில் பெண்களின் கிசுகிசுப்பு, ஒரே சீராக.

அனார்கான் கொப்பை எடுக்கக் கதவருகே வந்தாள். "உள்ள என்ன ஓதுறீங்க?" என்று கேட்டார்.

"ஓதல மாமா. பாடம். கடுதாசி எப்படி ஆரம்பிக்கணும், எப்படி முடிக்கணும்னு."

"ம்" என்றார். மறுபடி மேல்கரைக்கு நடந்தார். அன்றைக்கு அவர் வெட்டிய கட்டு மற்ற நாளைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு ஒருநாள் சத்தம் நின்றது. பயந்து ஓடினேன். பயப்பட ஒன்றும் இல்லை, புழுவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. உடம்பு கண்ணாடியாகி, தலை தூக்கி ஏற இடம் தேடியது. காய்ந்த முட்செடியையும் கடுகுத் தட்டையையும் அறை நெடுக நட்டோம். ஏறின. சில நாளில் அந்த அறைகளைப் பார்த்திருக்க வேண்டுமே, கல்லூரி முழுவதும் வெள்ளையும் மஞ்சளுமாகக் காய்த்துத் தொங்கியது. வகுப்புக் கரும்பலகையின் சட்டத்தில்கூட ஒரு புழு கூடு கட்டியிருந்தது. அதை மட்டும் பறிக்க வேண்டாம் என்று சாலிஹா சொன்னாள்.

கூடு விற்ற பணத்தில் பரீட்சைவரைக்கும் மாவும் எண்ணெயும் வாங்கிப் போட்டது போக விறகுக்கும் மிஞ்சியது. கஞ்சி மறுபடி கெட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை ஒருநாள் இறைச்சி போட்டுச் சோறு பொங்கித் தெருப் பெண்களையும் கூப்பிட்டார்கள். வித்து கொடுத்தவர்களுக்குப் பங்கு தர வேண்டாமா என்று சாலிஹா முறையாகக் கேட்டாள். யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது? எவ்வளவு கொடுத்தோம் என்று சொல்லாமல் பங்கு வாங்க முடியாது. சொல்வதற்கோ வழியில்லை. எல்லாரும் சோற்றைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மிர்ஹமீத் சாவி கேட்டு வந்தார். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இஸ்மத் தாடியைத் தடவிக்கொண்டு, புழு கூடு கட்டின அறையில் அந்த வருஷம் பருத்தி வைக்கக் கூடாதே என்றார். அப்படி ஒரு சாத்திரத்தை எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்டதில்லையே என்று மிர்ஹமீத் சொன்னார்.

"உங்கப்பா பருத்திக்காரரு. அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் இஸ்மத்.

நாங்களும் கேட்டதில்லைதான். ஆனால் ஆமாம் ஆமாம், கூடாது என்று நாலு பேர் ஒத்து ஊதினோம். இப்போது மர்கிலானில் அது நிஜமான சாத்திரமாகவே ஆகிவிட்டது.

இலையுதிர் காலத்தில் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து பரீட்சை வைத்தார்கள். முதல் அணி தேறியது, இரண்டு பேரைத் தவிர. அந்த இரண்டு பேரும் கூடவே இருந்து மறுபடி எழுதினார்கள். அனார்கானுக்கு மேல்தெருப் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். அவள் சித்தப்பா, எங்கள் வீட்டுப் பெண் ஆசிரியை என்று தேநீர்க் கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாவு ஆலைக் கிழவன் வேறு பெண்ணைத் தேடிப் போயிருப்பான். அரைகுறையாக என்றாலும் அடுத்த வருஷத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். வெளிமுற்றத்தில் புதுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில், கொப்பு பிரித்துக் காய்ப்பேறிய விரலால் எழுத்துக்களைத் தடவிக்கொண்டு தூத்திநிஸாவும் உட்கார்ந்திருப்பாள். புருஷன் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். விளக்குக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறார் என்றாள்.

மரங்கள் இலை உதிர்த்த பிறகு ஒருநாள் கால்வாயில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். சாலிஹாவும் குடத்தோடு வந்தாள். கீழ்க்கரையில் இஸ்மத் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய மல்பெரிக் கன்றுகள். கன்று ஊன்றிக் கொப்பு வெட்டும் பருவத்துக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும். அது அவருக்குத் தெரியாதா என்ன.

எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, வர்ற வருசம் எவ்வளவு வித்து வைக்கப் போறே?"

சாலிஹா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அதச் சொல்லக் கூடாது பெரியத்தான்."

அவர் கரையை அந்தக் கோடிவரை ஒருதரம் பார்த்தார்.

"அப்போ பாலம் வரைக்கும் நட்டுற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்குக் குனிந்தார்.